சும்மா இருக்க ஒரு விசா

"விசாவா? அதை ரயிலில் உட்கார்ந்தபடியே போனில் வாங்கினேன்" என்று நோரா சொன்னபோது நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. விருதுநகரில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் பரோட்டா அப்படிக் காத்திருக்கிற பண்டம் இல்லை. சால்னாவை ஊற்றிவிட்டால் அதன் மொறுமொறுப்புக்கு ஆயுசு கம்மி. ஆனாலும் நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"எத்தனை நாளில் வந்தது?"

"மறுநாளா, அதற்கும் அடுத்த நாளா... ஞாபகம் இல்லையே."

ஞாபகம் இல்லையாம்.

நோராவின் நாடு ஆஸ்திரேலியா. அங்கே போய் ஒரு வருடம் ஊர் சுற்றிக்கொண்டே கையில் கிடைத்த வேலையும் பார்க்கலாம் என்று இளைஞர்களுக்கு ஒரு விசா உண்டு. எத்தனையோ நாட்டுக்காரர்கள் நேராக விண்ணப்பித்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம் ஆட்களுக்குக் குலுக்கல். அதில் பெயர் விழுந்தால்தான் விண்ணப்பமே போட முடியும். வயது சரி, படிப்பு சரி, ஆங்கிலம் சரி. என் பெயர்தான் விழவில்லை. குலுக்கல் காலம் முடிகிறவரை மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தே போனின் திரை தேய்ந்தது. என் நாட்டுக்கு வர அவளுக்கு ஒரு ரயில் பயணம் போதும். அவள் நாட்டுக்குப் போக எனக்கு அதிர்ஷ்டம் வேண்டும்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வரைகிறவள். நோரா, கடலோரச் சிற்றூர் ஒன்றில் உள்ள சின்ன அச்சுப் பட்டறையில் கையால் சுவரொட்டி அடிக்கிறவள். ஏதோ ஒரு கடையில் எங்கள் ஊர் பட்டாசுப் பெட்டியைப் பார்த்து மயங்கி, அச்சகத்துக்கு எழுதி, புறப்பட்டு வந்துவிட்டாள். தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்திருந்த நேரம். "உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே, நாலு இடத்தக் காட்டி அனுப்பும்மா" என்று மேனேஜர் அவளை என் தலையில் கட்டினார்.

பரோட்டாக் கடைக்காரர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏ மாஸ்டர், வெள்ளக்காரம்மாவுக்கு காரம் கம்மியா சால்னா கொண்டா!" அப்புறம் அவளுக்காகவே மின்விசிறியைத் திருப்பி வைத்தார். நான் காற்றில்லாமல் உட்கார்ந்திருந்தேன். "நீங்க எந்த ஊரும்மா?" என்று என்னையும் ஒரு பேச்சுக்குக் கேட்டார். "சிவகாசி." "அதான பாத்தேன்" என்று போய்விட்டார். எதைப் பார்த்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்போதுதான் நோரா, விரலில் வழிந்த சால்னாவை நக்கிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள். அவர்கள் பட்டறை வருடா வருடம் வெளிநாட்டிலிருந்து ஓர் இளைஞரை மூன்று மாதம் விருந்தாளியாக அழைக்குமாம். கலாசாரப் பரிமாற்றம். அதற்குத் தனி விசா. குலுக்கல் கிடையாது, பட்டறையே பொறுப்பேற்று அழைக்கும். தங்க உள்ளூர்க்காரர் வீடு. இந்தத் தடவை இந்தியாவிலிருந்து ஒருவரைச் சொல்லும்படி அவளிடம் கேட்டிருக்கிறார்களாம்.

நான் மீதிப் பரோட்டாவைத் தின்னவில்லை. மனம் விமானத்தில் ஏறிவிட்டது. அந்த ஒருவர் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் காலை அவளை அச்சகத்துக்குக் கூட்டிப்போனேன். நான் வரைந்த லேபிள்களையெல்லாம் வரிசையாக மேசையில் பரப்பி வைத்திருந்தேன். தாமரைக்குள்ளிருந்து கிளம்பும் ராக்கெட், கண்ணாடி போட்ட புலி, எல்லாம். நோரா "அழகு, அழகு" என்றாள். எல்லாரும் சொல்கிற அழகு. பிறகு மெஷின் பக்கம் போனவள் அங்கேயே குந்திவிட்டாள்.

மெஷின் ஓடத் தொடங்கும்போது நிறம் சரியாகப் படிகிறதா என்று பார்க்க, புதுத்தாளை வீணாக்காமல் பழைய வீண்தாளையே திரும்பத் திரும்ப விடுவார்கள். ஒரே தாளில் மயில்மேல் ராக்கெட், ராக்கெட்மேல் குழந்தை, குழந்தை முகத்தில் சங்குசக்கரம் என்று ஏறிக் கிடக்கும். அந்தக் குப்பையைத்தான் அவள் இரண்டு கைகளாலும் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிற்காத குறை.

மெஷின் ஓட்டும் சண்முகையா அண்ணன் பதறிப்போனார். "ஏம்மா, அது வடை மடிக்கக்கூட ஆகாது. மை ஒட்டும். நல்ல தாளா எடுத்துட்டுப் போகச் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். நோரா தலையை ஆட்டி மறுத்து, அந்தத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மேசையில் என் புலி கண்ணாடியோடு என்னைப் பார்த்தது. குப்பைத்தாள்மேல் பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தப் பொண்ண ஏன் சும்மா உக்கார வச்சிருக்க? கம்பிமத்தாப்புக்கு ஒரு லேபிள் போடச் சொல்லேன். ஃபாரின் டச் இருக்கும்."

"அவங்க வந்திருக்கிறது டூரிஸ்ட் விசா சார். வேலை செய்யக் கூடாது."

"வேலையா? பொழுதுபோக்கா ஒரு படம் போடுறது வேலையா?"

"ஆமா சார். நாளைக்கு யாராவது கேட்டா வம்பு."

விதியெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். முந்தின இரவே போனில் அந்தப் பரிமாற்ற விசாவின் நிபந்தனைகளைப் படித்திருந்தேன். பொறுப்பேற்கும் அமைப்பு வேண்டும். மருத்துவக் காப்பீடு வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்யக்கூடிய வேலையை விருந்தாளி செய்யக் கூடாது. காலம் முடிந்தால் ஊருக்குத் திரும்புகிற எண்ணம் உண்மையாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒப்பித்தேன். படித்ததும் புரிந்ததும் ஒன்றா என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் எம். புதுப்பட்டியில் என் சித்தி வீடு. சித்தி மகள் பாண்டிச்செல்வி பயராபீஸில் பெட்டி அடைக்கிற வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலைக்கு அதுதான் பேர், பயராபீஸ். தீபாவளிக்குப் பிறகு அவள் கம்பெனி இன்னும் திறக்கவில்லை. கையில் வேலை இல்லாததால் வாய்க்கு இரட்டை வேலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க, சாப்பிட்டீகளா?" என்று சித்தி வாசலிலேயே கேட்டாள். கேட்டது நோராவை. கோழிக்குழம்பில் தொடைக்கறி அவள் இலைக்குப் போனது. எனக்குக் கழுத்து.

"ஏன் சித்தி, நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"நீ தினம் வாரவ. அவுக எம்புட்டு தூரத்துல இருந்து வந்திருக்காக!" நான் கடைசியாகச் சித்தி வீட்டுக்குப் போனது தைப்பொங்கலுக்கு, பத்து மாதத்துக்கு முன்.

பாண்டிச்செல்வி நோராவின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, இவுகளுக்கு வெயிலு பட்டா தோலு செவந்து உரியுமாமே, நெசமா? கேளு." கேட்டேன். நோரா சட்டைக் கையைச் சுருட்டி, உரிந்த தோளைக் காட்டினாள். பாண்டிச்செல்வி ஓடிப்போய்க் கற்றாழை மடலைப் பிளந்து கொண்டுவந்து தடவிவிட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. அவள் தமிழைக் கொஞ்சம் சத்தமாகப் பேசுவாள். இவள் ஆங்கிலத்தைக் கொஞ்சம் மெதுவாகப் பேசுவாள். நடுவில் இரண்டு பேரும் சிரிப்பார்கள். கல்லூரியில் ஆங்கிலப் பேச்சுக்குப் பரிசு வாங்கிய நான் கழுத்துக்கறியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

பட்டாசு செய்வதைப் பார்க்க வேண்டும் என்றாள் நோரா. "ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ரெண்டு மூணு கம்பெனி தொறந்துட்டாக, வாங்க போவோம்" என்று பாண்டிச்செல்வி கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை யாருக்குக் கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்து கரிசல்காடு கறுத்துக் கிடந்தது. நடுநடுவே வேப்பமரங்களும், ஒன்றுக்கொன்று எட்ட எட்டக் கட்டிய சின்னச் சின்ன அறைகளும். ஓர் அறையில் விபத்து நடந்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்றுதான் அந்த இடைவெளி என்று சொன்னேன். நோரா அந்த அறைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

கேட்டில் வாட்ச்மேன் எங்களை நிறுத்தினார். "எங்கன போறீக?"

"சும்மா பாக்கத்தான் அண்ணாச்சி. வெளிநாட்டுல இருந்து வந்திருக்காக" என்றாள் பாண்டிச்செல்வி.

"நிலாவுல இருந்து வந்தாலும் விட முடியாதும்மா. பெர்மிஷன் இருக்கா? கையில செல்லு, கால்ல பூட்ஸு, போட்டிருக்கது நைலானு. ஒரு பொறி பறந்தாப் போதும். இந்த வேசத்தோட எங்க முதலாளி வந்தாலும் கேட்டத் தாண்ட மாட்டாரு."

நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். நோராவைப் பார்த்து ஒருவர் 'முடியாது' என்று சொல்வதை அன்றுதான் கேட்டேன். காதுக்கு இதமாக இருந்தது. அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். "நல்ல விதி" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டாள். நுழைய முடியாத ஒரு வாசலைப் பார்த்து அவளால் இத்தனை லேசாக இருக்க முடிகிறது. ஏனென்றால் அவளுக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான் மூடிய வாசல்.

"உள்ள என்னத்த பெருசா இருக்கு?" என்றாள் பாண்டிச்செல்வி, டீயை ஆற்றிக்கொண்டே. "நானுந்தான் வருசம் பூரா உக்காந்து பாக்கேன். முதுகுவலிதான் இருக்கு." அதையும் அவளே நடித்துக் காட்டினாள். நோரா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது.

அன்று திரும்பும்போதுதான் என் பொறாமை வண்டி மாறி ஏறியது. அதுவரை நோராமேல் இருந்தது, இப்போது பாண்டிச்செல்விமேல். பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து நோரா தூங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போகலாம் என்று சொன்னதும் பாண்டிச்செல்விதான். அவளைக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம். நோரா விடவில்லை. சாத்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரர் கூட்டத்தைத் தவிர்க்கிறேன் என்று காட்டுப்பாதையில் விட்டார். பாதி தூரத்தில் கரிசல் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. எங்கள் கரிசல் மண் மழையில் நனைந்தால் கோந்து. உள்ளே போனது எதையும் லேசில் திருப்பித் தராது.

"எறங்கித் தள்ளுங்கம்மா. வெள்ளக்காரம்மா மட்டும் இருக்கட்டும், பாவம்" என்றார் ஆட்டோக்காரர்.

நான் இறங்கினேன். முழங்கால் வரை கறுப்பு. நோராவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குதித்துவிட்டாள். பாண்டிச்செல்வி அசையவே இல்லை.

"ஏ புள்ள, எறங்கு!"

"நான் எறங்கிட்டா உள்ள பைய யாரு பாத்துக்கிறது? தள்ளுக்கா, நல்லா குனிஞ்சு தள்ளு. இவுகளப் பாரு, எப்படித் தள்ளுதாக!"

வண்டி உறுமி வெளியே பாய்ந்தது. சேறு முழுக்க என் முகத்தில். நோராவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. சிரித்தது என் முகத்தைப் பார்த்தல்ல, உள்ளே ராணி மாதிரி உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போன பாண்டிச்செல்வியைப் பார்த்து.

கோவிலில் ஆற்றுப்பக்கம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தது. முன்பின் தெரியாத ஓர் அம்மா நோராவின் செம்பட்டை முடியில் மல்லிகையைச் சொருகினாள். நிற்காமல் நழுவ, தன் கொண்டை ஊசியையே எடுத்துக் குத்திவிட்டாள். பூவரச இலையில் சுடச்சுடப் பொங்கல். எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டுச் சோறு போட்டால் நாங்கள் உட்கார்ந்துவிடுவோம் என்று நோராவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஊரில் கூப்பிடவே மாட்டார்களாம். அடுத்த வீட்டுக்குப் போவதென்றாலும் முதலில் செய்தி அனுப்பிக் கேட்க வேண்டுமாம். அந்த ஊருக்குப் போகத்தான் நான் துடித்துக்கொண்டிருந்தேன்.

சாத்தூரில் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தபோது நோரா சொன்னாள்: "நாளை மார்கரெட் பேசுவாள். பட்டறையின் பொறுப்பாளர். உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்."

பஸ்ஸில் நிபந்தனைகளை மறுபடி முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பாண்டிச்செல்வி சேவை மென்றபடி எட்டிப் பார்த்தாள். "இம்புட்டு படிக்கணுமா? இதுக்கு எங்க பயராபீஸ் ஃபோர்மேன் பரீட்சையே தேவலக்கா." கொஞ்ச நேரம் கழித்து, "அங்கன கடலு வீட்டுப் பக்கத்துலயே இருக்குமாம்ல?" என்றாள். அதை அவள் ஏற்கெனவே நோராவிடம் கேட்டு வைத்திருந்தாள். எப்போது கேட்டாள், எந்த மொழியில் கேட்டாள், தெரியாது.

நோராவுக்குக் கடைசி நாள் விருந்து சித்தி வீட்டில். அங்கே மொட்டைமாடியில்தான் சிக்னல் கிடைக்கும். தண்ணீர்த்தொட்டிமேல் போனைச் சாய்த்து வைத்தோம். திரையில் மார்கரெட் வந்தாள். நரைத்த குட்டை முடி, மூக்கில் கண்ணாடி, பின்னால் கயிற்றில் காயும் சுவரொட்டிகள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். என் லேபிள்களைப் பார்த்திருந்தாள். புலி பிடித்திருந்ததாம். பிறகு கேட்டாள்:

"மூன்று மாதம் இங்கே வந்தால் என்ன செய்வீர்கள்?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். "எல்லா வேலையும் செய்வேன்" என்றேன். "உங்கள் ஆர்டர் எவ்வளவு தேங்கியிருந்தாலும் முடித்துத் தருவேன். எங்கள் ஊரில் சீசன் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. எனக்கு லீவே வேண்டாம். டிசைன் போடுவேன், தாள் வெட்டுவேன், மெஷின் துடைப்பேன். உங்களுக்கு இரண்டு ஆள் மிச்சம்."

எங்கள் ஊரில் ஒருவரிடம் இதைவிட நல்ல வார்த்தை சொல்ல முடியாது. மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட 'சோம்பேறி இல்லை' என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். மார்கரெட்டின் சிரிப்பு மட்டும் மெல்லச் சுருங்கியது.

"மூன்று மாதம் முடிந்தபிறகு?"

"என் வேலை உங்களுக்குப் பிடித்திருந்தால், தொடர்ந்து இருக்க நான் தயார்!"

நோரா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூடியபிறகுதான் எனக்கு உறைத்தது. உள்ளூர்க்காரர் செய்யக்கூடிய வேலையைச் செய்யக் கூடாது. ஊர் திரும்புகிற எண்ணம் வேண்டும். நாலு நாளாக ஒப்பித்த இரண்டு விதிகளையும் ஒரே மூச்சில் உடைத்துப் போட்டிருந்தேன். மார்கரெட் பொறுமையாக விளக்கினாள். விருந்தாளி என்ன செய்யப் போகிறார் என்று பட்டறை விசா அலுவலகத்துக்கு எழுதித் தர வேண்டும். ஆள் குறைத்து வேலை வாங்குவது போல அதில் வாடை அடித்தால், விருந்தாளிக்கும் விசா போகும், பட்டறையின் பேரும் போகும். "நாங்கள் தேடுவது வேலைக்காரரை இல்லை" என்றாள்.

நான் வேறு மாதிரிச் சொல்லப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பாண்டிச்செல்வி தட்டு நிறைய உளுந்தவடையோடு மாடிக்கு வந்தாள். போனுக்குள் தலையை நீட்டி, "யாருக்கா இவுக? வணக்கம்மா! சாப்பிட்டீகளா?" என்றாள். வடையைத் திரைக்கு நேரே காட்டினாள்.

மார்கரெட் சிரித்துவிட்டாள். இது யார் என்றாள். நோரா முந்திக்கொண்டு நிறையச் சொன்னாள். கற்றாழை, முதுகுவலி, ஆட்டோ, எல்லாம். "அவளிடமும் அதே கேள்வியைக் கேளுங்களேன்" என்றாள் மார்கரெட்.

நான் தமிழில் கேட்டேன். பாண்டிச்செல்வி கையை முந்தானையில் துடைத்தாள்.

"நானா? நான் அங்கன போயி என்னத்த செய்யப் போறேன்? கடலப் பாப்பேன். அந்தம்மா தாளு அடிக்கையில பக்கத்துல உக்காந்து வேடிக்க பாப்பேன். அவுக வீட்டுல எப்படிச் சமைக்காகன்னு பாப்பேன், நம்ம சமையலச் சொல்லிக் குடுப்பேன். வாசல்ல கோலம் போடுவேன். அங்கன யாரும் யாரு வீட்டுக்கும் போகமாட்டாகளாமே? நான் போவேன்."

"மூணு மாசம் முடிஞ்சா?"

"மூணு மாசம் முடிய எங்கன இருக்கப் போறேன்? பங்குனிப் பொங்கலுக்கு நான் முளைப்பாரி எடுக்கணும்ல? கூட ரெண்டு நாளு இருன்னு அவுக கால்ல விழுந்தாலும் இருக்க மாட்டேன்."

இதை நான் என் விருப்பம் போல மொழிபெயர்த்திருக்கலாம். செய்யவில்லை. நல்ல மனசு காரணமில்லை. சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னால் எத்தனை அசடாகத் தெரியும் என்று கணக்குப் போட்டேன். ஒன்றைக்கூட விடவில்லை. வேடிக்கை பார்ப்பாளாம், எல்லார் வீட்டுக்கும் போவாளாம், காலில் விழுந்தாலும் இருக்க மாட்டாளாம். முளைப்பாரி என்றால் என்ன என்பதையும் சேர்த்து விளக்கினேன். தானியத்தை முளைக்கவைத்துத் தலையில் சுமந்து போகிற நேர்த்திக்கடன், அதற்காக எந்த ஊரிலிருந்தாலும் திரும்பிவிடுவார்கள் என்று.

மார்கரெட் கண்ணாடியைச் சரிசெய்து எழுதிக்கொண்டாள். "மறுபடி சொல்லுங்கள், அந்தத் திருவிழாவின் பெயர் என்ன?"

நான்தான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

நோரா போய்ச் சில நாட்களில் மின்னஞ்சல் வந்தது. பாண்டிச்செல்வியிடம் மின்னஞ்சல் கிடையாது. எனக்குத்தான் வந்தது. அழைப்பு அவளுக்கு. வீண்தாள்களை வைத்து நோரா ஒரு கண்காட்சி வைக்கிறாளாம். அந்த ஊரிலிருந்து வந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, பட்டாசுப் பெட்டி எப்படி வீடு சேர்கிறது என்று வருகிறவர்களிடம் பேச வேண்டுமாம். பேச! அதற்கு ஒரு விசா, ஒரு விமான டிக்கெட், கடல் பார்த்த ஓர் அறை. கடைசியில் எனக்கும் ஒரு வரி இருந்தது: "அடுத்த வருடம் எங்களுக்கு எழுதுங்கள். வேலை செய்யாத நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள்."

சித்தியிடம் படித்துக் காட்டப் போனேன். சித்தி முதலில் நம்பவில்லை. பிறகு நம்பிப் பயந்தாள்.

"சோலி இல்லாம சோறு போட்டு வச்சிருப்பாகளா? எந்த ஊருல நடக்கு இது? வேலைக்குக் கூப்பிட்டாகன்னா நம்பலாம். சும்மா இருக்கக் கூப்பிடுதாகளே, இதுல என்னமோ இருக்கு. முடிஞ்சதும் திரும்பிப் போயிரணும்னு வேற சொல்லுதாக. பெறகு எதுக்குக் கூப்பிடணும்?"

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ படிச்ச புள்ள. இதுக்குன்னே ராப்பகலாப் படிச்ச. நீ ஒரு வார்த்த சொல்லு. வேண்டாம்னா இத்தோட விட்டுருவோம்."

வாசல் குழாயில் பாண்டிச்செல்வி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடம் எப்போதோ நிறைந்து, வழிந்து, தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை. முதுகுதான் தெரிந்தது.

'வேண்டாம்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. சித்தி சந்தேகப்படுவதும் நியாயமாகத்தானே இருந்தது? நான் புதிதாகப் பொய் சொல்ல வேண்டியதே இல்லை, தலையை ஆட்டினால் போதும். ஆட்டினால் அந்த இடம் எனக்கு வந்துவிடுமா? வராது. ஆனாலும் அவளுக்கும் கிடைக்காது என்பதில் ஒரு சுகம் இருந்தது, ஏழாயிரம்பண்ணை கேட்டில் கேட்ட 'முடியாது' போல. கேட்டுக்கு இந்தப் பக்கம் வாட்ச்மேனாக நிற்பது எப்படியிருக்கும் என்று அந்த ஒரு நிமிடம் தெரிந்துகொண்டேன். தண்ணீர் வழிகிற சத்தம் நிற்கவே இல்லை.

"அனுப்புங்க சித்தி" என்றேன். "விதியெல்லாம் எனக்குத் தெரியும். இவளுக்குத்தான் அது பொருந்துது. பாஸ்போர்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

குழாய் மூடுகிற சத்தம் கேட்டது.

பாஸ்போர்ட் ஆபீஸில் படம் எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்றார்கள். "சிரிக்காம இருந்தா அது நான்னு எப்படிக்கா தெரியும்?" என்று அவள் திரும்பித் திரும்பிக் கேட்டு, வரிசையில் நின்றவர்களையெல்லாம் சிரிக்கவைத்தாள். என் பையில் என்னுடைய பாஸ்போர்ட் இருந்தது. வழிகாட்ட உதவும் என்று எடுத்துப் போயிருந்தேன். வாங்கிச் சில வருடம் ஆகிறது. பக்கங்கள் எல்லாம் வெள்ளை. இன்னும் வராத அவள் பாஸ்போர்ட்டில் இப்போதே ஒரு முத்திரை விழுந்துவிட்டது போல எனக்கு வயிறு எரிந்தது. எரியட்டும். அவளுக்கு ஆங்கிலத்தில் 'குளிர்கிறது', 'போதும்', 'வழி தெரியவில்லை' மூன்றையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 'போதும்' அவளுக்கு வரவே இல்லை.

மார்கரெட்டின் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து பார்த்தேன். வேலை செய்யாத நேரத்தில் நான் என்ன செய்வேன்? அடுத்த வேலையைப் பற்றி யோசிப்பேன் என்று எழுதி, அழித்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. இருபத்து நான்கு வயதில் இது தெரியாமல் இருப்பது வெட்கமாக இருந்தது.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சிவகாசி பஸ் ஸ்டாண்டில் முதலில் புறப்படுகிற பஸ்ஸில் ஏறப் போகிறேன். அது எந்த ஊர் போனாலும் சரி. இறங்கி, ஒரு சோலியும் இல்லாமல் பொழுது சாயும்வரை அங்கே இருந்துவிட்டு, என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். பை தயார் செய்தபோது, போகிற ஊரில் அச்சகம் ஏதாவது இருந்தால் காட்டலாமே என்று கை தானாக லேபிள் மாதிரிகளை எடுத்து உள்ளே வைத்தது. வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் ஜிப்பை இழுத்து மூடினேன்.